மூடுபனிக்குள் ஒரு மகாகவி

கோடைக்கானல் ஏரிக்கரையில் மூடுபனி இறங்கிக்கொண்டிருந்த ஒரு மாலைப் பொழுதில், சினிமா டைரக்டர் ஒருவரோடு பேச நேர்ந்தது. பெயர் வேண்டாம், அவர் ஒருவர் அல்லர், ஓர் இனம். பாரதியாரின் வாழ்க்கையைப் படமாக்கப் போகிறாராம். அதற்கு இடம் பார்க்கத்தான் மலையேறி வந்திருக்கிறாராம்.

"பாரதிக்கும் கோடைக்கானலுக்கும் என்ன ஐயா சம்பந்தம்?" என்று கேட்டேன்.

"சம்பந்தத்தை நாமதான் உண்டாக்கணும் சார். பைன் மரக் காடு, பனி, நடுவிலே ஒரு முண்டாசு. அப்படியே ஒரு பாட்டு! ஜனங்க சொக்கிப் போயிடுவாங்க."

இந்த மலையில் பிரையண்ட் என்ற வெள்ளைக்கார வனத்துறை அதிகாரி பைன் கன்றுகளை நடத் தொடங்கியது 1906-இல் என்பார்கள். அதே 1906-இல் பாரதி சென்னையில் 'இந்தியா' வாரப் பத்திரிகையில் எழுதிக்கொண்டிருந்தார். அவர் கண்ணை மூடிய 1921-இல் இந்த மரங்களுக்கு வயது பதினைந்து. இன்று ஓங்கி நிற்கும் மரத்தடியில் அவரைக் கொண்டுவந்து நிறுத்த வேண்டும் என்கிறார் டைரக்டர்!

"கதைக்குக் கொஞ்சம் கற்பனை வேண்டாமா சார்?" என்று என்னையே மடக்கினார்.

நானும் கற்பனையை விற்றுப் பிழைக்கிறவன்தான். ஆனால் நான் எழுதும் பொய் புத்தகத்தை மூடினால் மூடிக்கொள்ளும். சினிமாவின் பொய் அப்படியல்ல. இதே ஊரில் அதற்குச் சாட்சி இருக்கிறது. 'டெவில்ஸ் கிச்சன்' என்று வெள்ளைக்காரன் காலம்தொட்டு ஒரு பெயர் இருந்த பாறைப் பிளவு, 1991-இல் 'குணா' படம் வந்த பிறகு 'குணா குகை' ஆகிவிட்டது. 2024-இல் 'மஞ்ஞும்மல் பாய்ஸ்' என்ற மலையாளப் படம் வந்ததும் கூட்டம் இன்னும் பெருகியது. இன்று எந்த வாடகை வண்டிக்காரரும் பழைய பெயரைச் சொல்லுவதில்லை. கல்லாலான குகையே தன் பெயரைக் காப்பாற்றிக்கொள்ள முடியவில்லை என்றால், செத்துப்போன ஒரு கவிஞன் தன் முகத்தை எப்படிக் காப்பாற்றிக்கொள்வான்?

டைரக்டரின் கதையில் உச்சக் காட்சி எது தெரியுமா? யானை! திருவல்லிக்கேணிக் கோயில் யானை தூக்கியெறிகிறது, கவிஞர் சாய்கிறார், படம் முடிகிறது. பாரதி அந்த அடியிலிருந்து பிழைத்து எழுந்தார். ஈரோட்டுக் கருங்கல்பாளையம் வரை போய்ப் பிரசங்கம் செய்தார். வயிற்று நோய் கண்டு, அந்த 1921 செப்டம்பரில், முப்பத்தொன்பது வயது நிறையாமல் இறந்தார். சவ ஊர்வலத்தில் இருபது பேருக்கு மேல் தேறவில்லை என்பார்கள். அதுதானே உச்சக் காட்சி? யானை கொன்றது என்று காட்டினால் நமக்குச் சௌகரியம். பழி மிருகத்தின் தலையில் போய்விடும். மனிதர்கள் நாம் கண்ணைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குப் போகலாம்.

இந்த வாழ்க்கையைப் படமாக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. ஞான ராஜசேகரன் 2000-இல் எடுத்துக் காட்டினார். சிறந்த தமிழ்ப் படம் என்று தேசிய விருதும் பெற்றார். பாரதியாக நடித்த சாயாஜி ஷிண்டே மராட்டியர். தமிழனே கிடைக்கவில்லையா என்று கேட்டவர்கள் உண்டு. நான் அதைக் கேட்கமாட்டேன். நடிகன் எந்த ஊர்க்காரனாகவும் இருக்கட்டும்; வாழ்க்கை அந்தக் கவிஞனுடையதாக இருக்க வேண்டும்.

எனக்குள்ள குறை வேறு. பாரதி உழைப்பாளி. பத்திரிகைக்குப் பத்தி பத்தியாக எழுதியவர். 1908-இல் புதுச்சேரிக்குப் போய்ப் பத்து வருஷம் அங்கேயே அடைபட்டுக் கிடந்து, கடனுக்கும் உளவாளிகளுக்கும் நடுவே 'பாஞ்சாலி சபதம்' எழுதியவர். 1918-இல் வெளியே வந்ததும் கடலூரில் கைதானவர். அரிசியைக் குருவிக்கு இறைத்ததைக் காட்ட எல்லோரும் தயார். அந்த மனிதர் உட்கார்ந்து எழுதியதைக் காட்ட யார் தயார்?

ஒன்றை மறந்துவிடக் கூடாது. பாரதி பாடல்களின் இசைத்தட்டு உரிமை ஒரு காலத்தில் சினிமா அதிபர் ஏ.வி. மெய்யப்பச் செட்டியாரிடம் இருந்தது. எழுத்தாளர்களும் நடிகர்களும் ஊர் ஊராகக் குரல் கொடுத்தார்கள். அவரும் பணம் கேட்காமல் விட்டுக்கொடுத்தார். 1949-இல் சென்னை அரசாங்கம் உரிமையை ஏற்றது; 1955-இல் எழுத்துக்கள் பொதுச் சொத்தாயின. பொதுச் சொத்து என்றால் கேட்பாரற்ற சொத்து என்றா அர்த்தம்? ஊர்ப் பொதுக்கிணற்றில் யாரும் தண்ணீர் எடுக்கலாம். யாரும் குப்பை கொட்டலாம் என்று எந்த ஊரில் சொன்னார்கள்?

பாட்டை மீட்பதற்கு அன்று ஊர் கூடியது. முகத்தை மீட்பதற்கு இன்று யாரும் கூட வேண்டியதில்லை. டிக்கெட் வாங்குகிற நாம், "இது நடந்ததா?" என்று ஒரு கேள்வி கேட்டால் போதும்.

டைரக்டர் விடைபெற்றபோது, "உங்க ஆசீர்வாதம் வேணும் சார்" என்றார்.

"முதலில் எட்டயபுரத்து வெயிலில் ஒரு நாள் நடந்துவிட்டு வாருங்கள்; பிறகு தருகிறேன்" என்றேன்.

சிரித்துக்கொண்டே பனிக்குள் போனார். நான் சிரிக்கவில்லை.