சினிமா பாட்டு மட்டும்தான் பாட்டா?

சேலத்தில் இருந்து ஏற்காட்டுக்கு பஸ்ஸில் போகிறோம். வழியில் 20 கொண்டை ஊசி வளைவுகள். பஸ் வளைந்து வளைந்து ஏறுகிறது. குளிர்ந்த காற்று வீசுகிறது. பஸ்ஸில் பாட்டு முழங்குகிறது.

என்ன பாட்டு? சினிமா பாட்டு!

சினிமா பாட்டு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அது இனிமைதான். ஆனால், சினிமாவுக்கு வெளியேயும் நல்ல தமிழ்ப் பாட்டு இருக்கிறது. அது நம் வீடுகளுக்கு வந்து சேரவில்லை. அதுதான் என் வருத்தம்.

19 பேர்

ஓர் உதாரணம் சொல்கிறேன்.

சினிமா டைரக்டர் பா.ரஞ்சித், இசை அமைப்பாளர் டென்மாவுடன் சேர்ந்து சென்னையில் ஒரு பாட்டுக் கோஷ்டியை உருவாக்கினார். சினிமாக்காரரே சினிமாவுக்கு வெளியே பாட்டைத் தேடினார்!

கோஷ்டியின் பெயர், 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்'. 'சாதி இல்லாத கூட்டம்' என்று பொருள். பண்டித அயோத்திதாசர் வழங்கிய 'சாதி பேதமற்ற' என்ற சொல்லில் இருந்து பிறந்த பெயர் இது.

2018 ஜனவரியில், சென்னை கீழ்ப்பாக்கத்தில் முதல் கச்சேரி நடந்தது. 19 பேர் மேடை ஏறினார்கள். ஒரு பக்கம் பறை. ஒரு பக்கம் கிட்டார். நடுவில் வடசென்னையின் கானா!

அந்த 19 பேரில் ஒரே ஒரு பெண், இசைவாணி. கானா என்றால் ஆண்கள்தான் பாடுவார்கள் என்று இருந்தது. அதை அவர் மாற்றிக் காட்டினார். 2020-ம் ஆண்டில் பி.பி.சி. தேர்ந்தெடுத்த உலகின் 100 பெண்களில் அவரும் ஒருவர்!

லண்டனுக்குத் தெரிந்தது. நம் ஊரில் எத்தனை பேருக்குத் தெரியும்? இந்தக் கோஷ்டிக்கு உயிரைக் கொடுக்கும் ரசிகர்கள் உண்டு. ஆனால் அவர்கள் ஒரு சிறு கூட்டம்தான்.

குடும்பத்தோடு கேட்கலாமா?

"சாதியைப் பற்றிப் பாடுகிறார்களாமே? குழந்தைகள் கேட்கலாமா?" என்று சிலர் தயங்குவார்கள்.

குழந்தை பிறக்கும்போது சாதி தெரியாது. பெரியவர்கள் நாம்தான் சொல்லிக் கொடுக்கிறோம். அதை மறக்கச் சொல்லும் பாட்டைக் கேட்பதில் என்ன தவறு?

ஒரே ஒரு மாலை

ஏற்காட்டில் மே மாதம் கோடை விழா நடக்கிறது. குடும்பம் குடும்பமாக மக்கள் வருகிறார்கள். அங்கே ஒரே ஒரு மாலை நேரத்தை இப்படிப்பட்ட கோஷ்டிகளுக்கு ஒதுக்கலாமே! சேர்வராயன் மலையிலேயே வாழும் மலையாளிப் பழங்குடி மக்களும் அதே மேடையில் தங்கள் பாட்டைப் பாடட்டும்.

பாட்டு பிடிக்கவில்லையா? கை தட்ட வேண்டாம். ஆனால், கேட்காமலே தள்ளி வைப்பது நியாயமா?

தள்ளி வைத்தது போதும்!