சோதனைக்கு ஒரு குழி வேண்டும்

திருச்சிராப்பள்ளி மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கு,

மாவட்டப் பேரிடர் மேலாண்மை ஆணையத்துக்குத் தாங்களே தலைவர் என்பதால் இந்த மடல் தங்களுக்கு. 2019 அக்டோபர் 25 அன்று மாலை, மணப்பாறையை அடுத்த நடுக்காட்டுப்பட்டியில் இரண்டு வயதுக் குழந்தை ஆழ்துளைக் கிணற்றில் விழுந்தது. முதலில் சிக்கியது முப்பது அடிக்கும் குறைவான ஆழத்தில். பிறகு சரிந்து சரிந்து 88 அடி வரை போய்விட்டது. பக்கத்தில் குழி தோண்ட வந்த ராட்சத ரிக் பாறையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோதே தீபாவளி வந்து போனது. 29ஆம் தேதி அதிகாலையில் உடல்தான் மேலே வந்தது. இடையில் பல குழுக்கள் தங்கள் கருவிகளை அந்தத் துளைக்குள் இறக்கிப் பார்த்தன. வந்தவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் ஒரு கருவி எங்கே பிடிக்கும், எங்கே நழுவும் என்ற சோதனை உயிருக்குப் போராடும் குழந்தையின் தலைக்கு மேல் நடக்க வேண்டிய நிலை ஏன் வந்தது?

எட்ட நின்று பார்ப்பவருக்குக் குழந்தையை மேலே தூக்குவது எளிய வேலையாகத் தெரியும். துளையின் அகலமோ ஆறங்குலத்தை ஒட்டியது. குழந்தையின் உடலே அதை அடைத்துக்கொள்ள, பக்கவாட்டில் கருவி நுழைய இடம் இருக்காது. கைகள் மேலே தூக்கியபடி இருந்தால் மணிக்கட்டில் சுருக்குப் போடலாம். கை மடங்கியிருந்தால் அதுவும் நடக்காது. ஈர மண் பட்ட தோல் வழுக்கும். இறுக்கிப் பிடித்தால் எலும்பு முறியும், தளர்த்தினால் நழுவும். மேலிருந்து உதிரும் மண் மூச்சை அடைக்கும். பக்கத்தில் தோண்டினாலோ அந்த அதிர்விலேயே குழந்தை இன்னும் கீழே இறங்கிவிடலாம். இத்தனை நிபந்தனைகளையும் ஒருசேர நிறைவேற்றும் கருவியைக் கடையில் வாங்க முடியாது. வெளிநாட்டிலிருந்து வரவழைக்கலாம் என்பாரும் உண்டு. அதே 2019 ஜனவரியில் ஸ்பெயினின் டோட்டலான் ஊரில் இரண்டு வயதுக் குழந்தை ஏறத்தாழ 25 சென்டிமீட்டர் அகலத் துளைக்குள் விழுந்தபோது, அங்கும் பக்கத்தில் குழிதான் தோண்டினார்கள். பதின்மூன்று நாள் கழித்துக் கிடைத்தது உடல். ஆக, இந்தக் கணக்கை நமக்காக வேறு யாரும் போட்டு வைத்திருக்கவில்லை.

முடியவே முடியாத காரியமா என்றால், அப்படியும் சொல்ல முடியாது. 2014இல் சங்கரன்கோவில் பக்கம் ஆழ்துளைக் கிணற்றில் விழுந்த சிறுவனை மதுரையில் உருவான ஒரு கருவி உயிரோடு மீட்டது. ஒரு கிணற்றில் பலித்தது இன்னொன்றில் ஏன் பலிப்பதில்லை? ஆழமா, மண்ணா, கை இருந்த நிலையா? நிதானமாக, நூறு முறை தோற்று, அளந்து அறிய வேண்டிய விடை இது. 2017இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தார் கொடிபோல் நுனியில் வளரும் ரோபோவைக் காட்டினார்கள். காற்றழுத்தத்தில் உள்ளிருந்து வெளியே புரண்டு நீளும் மெல்லிய குழாய் அது. சுவரில் உராயாமல் முன்னேறும். குழந்தைக்கும் துளைச் சுவருக்கும் நடுவே அது புகுமா? மண்ணைக் கிளறாமல் அடியில் போய் விரிந்து தாங்குமா? காகிதத்தில் எவ்வளவு விவாதித்தாலும் விடை வராது. இறக்கிப் பார்க்க ஒரு துளை வேண்டும்.

கிணற்றை மூடினால் போதுமே, ரோபோ எதற்கு என்பது வலுவான ஆட்சேபம். மூடுவதுதான் முதல் வேலை. அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் கைவிட்ட கிணறுகளை மூட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் வழிகாட்டியது 2010இல். நடுக்காட்டுப்பட்டி நடந்தது ஒன்பது ஆண்டு கழித்து. தீ விபத்தைத் தடுக்க விதிகள் இருக்கின்றன என்பதற்காக யாரும் தீயணைப்பு நிலையத்தைக் கலைப்பதில்லை.

அடுத்தது தணிக்கை. பலன் உறுதியில்லாத வேலைக்குப் பொதுப்பணமா என்று கேட்பார்கள். டெண்டர் படிவம் கேட்பதோ முன் அனுபவம். யாரும் செய்யாத வேலையில் முன் அனுபவத்துக்கு எங்கே போவது? ஸ்ரீரங்கம் தீவின் மேற்கு நுனியில், முக்கொம்பில், 1830களில் ஆர்தர் காட்டன் மேலணை கட்டியபோது ஆற்று மணலில் அடித்தளம் நிற்குமா என்பதே பெரிய கேள்வி. அவர் கல்லணையைப் பார்த்துக் கற்றார். அந்தக் கல்லணையைக் கட்டியவர்களிடம் யார் முன் அனுபவச் சான்றிதழ் கேட்டிருப்பார்கள்! பணம் கொடுக்கும்போது 'மீட்டுக் காட்டு' என்று நிபந்தனை போடாமல், 'இத்தனை முறை இறக்கி, நடந்ததை எழுதிக் கொடு' என்று போட்டால் தணிக்கையாளருக்கும் கையில் பிடிக்க ஏதாவது இருக்கும்.

நான் கேட்பது சிறியது. மணப்பாறைப் பக்கம் பாறையில் இரண்டு, ஸ்ரீரங்கத்தில் கொள்ளிடக் கரையோர மணலில் இரண்டு எனச் சோதனைத் துளைகள். இவ்வளவு வேறுபட்ட நிலம் ஒரே மாவட்டத்துக்குள் அமைந்தது நம் வசதி. இரண்டு வயதுக் குழந்தையின் எடையும் மூட்டுகளும் கொண்ட பொம்மைகள், அழுத்தத்தை அளக்கும் உணரிகளோடு. தேசியத் தொழில்நுட்பக் கழகமும், பெல் வளாகத்து வெல்டிங் ஆராய்ச்சி நிலையமும், துவாக்குடிப் பட்டறைகளும் எட்டிப்பிடிக்கும் தூரத்தில்தான் இருக்கின்றன. ஆனாலும் கல்லூரி மாணவரோ, போர் போடும் ரிக் ஓட்டுநரோ, யார் வந்து கேட்டாலும் நாள் ஒதுக்கித் தர வேண்டும். ஒவ்வொரு மாலையும் துளையின் வாயைப் பூட்ட வேண்டும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. ஒவ்வொரு முயற்சியும் தமிழில் ஒரு பொது ஏட்டில் பதிவாகட்டும். முதல் பக்கங்கள் முழுக்கத் தோல்விகளாகவே இருக்கும். அதைக் காரணம் காட்டி அடுத்து வரும் அதிகாரி இதை நிறுத்திவிடக் கூடாது என்பதையும் ஆணையிலேயே சேர்த்து எழுதிவிடுங்கள்.

இப்படிக்கு,
இம்மாவட்டத்துக் குடிமகன் ஒருவன்