ஓரத்தில நிக்கிற ஆளை வெட்டாதேங்கோ

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கமராவின் மெனுவுக்குள் போய் படத்தின் அளவை 'ஸ்மோல்' என்றும் வடிவத்தை 1:1 என்றும் மாற்றிவிட்டு ஒரு நிகழ்வுக்குப் போகிறவர் அந்த நிகழ்வை ஆவணப்படுத்தவில்லை. அன்றிரவு போடப்போகிற போஸ்ட்டைத் தயாரிக்கிறார். இரண்டும் வேறு வேறு வேலை. முதலாவதைச் செய்கிறோம் எண்டு சொல்லிக்கொண்டு இரண்டாவதைச் செய்கிற பழக்கம் எங்கட தலைமுறைக்குள் நன்றாக ஊறிவிட்டது. நூல் வெளியீடு, கூத்து, கவனயீர்ப்புப் போராட்டம், கலைவிழா எதுவானாலும் "போட்டோ எடுத்தாச்சு" எண்டுவினம். ஆறு மாதம் கழித்து ஒரு மலருக்கோ கண்காட்சிக்கோ அந்தப் படங்களைக் கேட்டால் பேஸ்புக்கில் இருந்து இறக்கச் சொல்லுவினம்.

"உது சும்மா ஒரு செட்டிங்ஸ் விசயம், இதுக்கு ஏன் இவ்வளவு சத்தம்?" எண்டு கேட்கலாம். அந்த செட்டிங்ஸ் என்ன செய்கிறது எண்டு பார்த்தால் சத்தம் ஏன் எண்டு விளங்கும்.

எங்களில் பலரின் கையில் இருப்பது 24 மெகாபிக்சல் கமரா. முழு அளவில் எடுத்தால் படம் 6000 பிக்சல் நீளம், 4000 பிக்சல் உயரம். 'எஸ்' எண்டு போட்டால் பல கமராக்களில் இரண்டு பக்கமும் ஏறத்தாழப் பாதியாகும். பக்கம் பாதியானால் படம் கால்வாசி. 24 மில்லியன் புள்ளிகளில் மிஞ்சுவது 6 மில்லியன்.

அளவு வேறு, தரம் வேறு. கெனன் கமராவில் 'எல்' என்ற எழுத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அடையாளம் இருக்கும். வழுவழுப்பான வளைவு எண்டால் நல்ல தரம், படிக்கட்டு மாதிரி இருந்தால் கூடுதலாக நெரித்த படம். நிக்கோனில் ஃபைன், நோர்மல், பேசிக் என்று மூன்று. அவற்றின் சுருக்க விகிதம் ஏறத்தாழ 1:4, 1:8, 1:16. ஜேபெக் முறை படத்தை 8க்கு 8 பிக்சல் கட்டங்களாகப் பிரித்து, கண்ணுக்கு உடனே தெரியாத நுணுக்கங்களை எறிந்துதான் கோப்பைச் சிறிதாக்குகிறது. எறிந்தது திரும்ப வராது. கமராத் திரையில் எந்த வித்தியாசமும் தெரியாது. இரவுத் திருவிழாவில் எடுத்த படத்தின் இருட்டைக் கொஞ்சம் வெளிச்சமாக்கிப் பாருங்கோ, முகங்களில் கட்டம் கட்டமாய்க் கறை தெரியும்.

அடுத்தது வடிவம். 1:1 எண்டு போட்டவுடன் கமராவுக்குப் புதுக் கண் முளைப்பதில்லை. அதே லென்ஸ், அதே சென்சர். சென்சர் 6000க்கு 4000 ஐப் பார்க்கிறது. கமரா இரண்டு பக்கத்திலும் ஆயிரம் ஆயிரம் பிக்சலை வெட்டி எறிந்துவிட்டு 4000க்கு 4000 ஐ மட்டும் ஜேபெக்காகச் சேமிக்கிறது. படத்தின் மூன்றில் ஒரு பங்கு காட்டில் பதியவே இல்லை. கைபேசியிலும் இதே கதைதான். அநேகமான கைபேசிகளின் சென்சர் 4:3. 12 மெகாபிக்சல் படத்தை, திரை முழுக்க நிறையவேணும் எண்டு 16:9 க்கு மாற்றினால் 9 மெகாபிக்சல்தான் மிஞ்சும். அகலமாகப் படம் எடுத்ததாக நினைக்கிறோம். உண்மையில் மேலையும் கீழையும் வெட்டியிருக்கிறோம்.

வெட்டுவதே பிழை எண்டு நான் சொல்லவில்லை. வெட்டுதல் ஒரு பெரிய கலை. த்ரீவீலுக்குப் பின்னால் ஒட்டியிருக்கிற சே குவேராவின் முகத்தையே எடுங்கோ. 1960 மார்ச் 5, ஹவானா. லா கூப்ர் கப்பல் வெடிப்பில் இறந்தவர்களுக்கான அஞ்சலிக் கூட்டத்தில் அல்பேர்ட்டோ கோர்டா எடுத்த படம் அது. மூலப் படம் குறுக்கு வாட்டில் இருக்கும். ஒரு பக்கத்தில் இன்னொரு மனிதரின் பக்கவாட்டு முகம், மற்றப் பக்கத்தில் பனை வகை மரமொன்றின் ஓலைகள். கோர்டா இரண்டையும் வெட்டினார். அதனால்தான் அந்த முகம் இடமும் காலமும் இல்லாத ஒரு சின்னமாகி ரீஷேர்ட் வரைக்கும் வந்தது. ஆனால் அவர் வெட்டியது பிரிண்டில். நெகட்டிவ் முழுசாக இருந்தது. அதனால் அது ஓர் அஞ்சலிக் கூட்டம், பக்கத்தில் இன்னொருவர் நின்றார் எண்டு இன்றைக்கும் எங்களால் பார்க்க முடிகிறது.

1972 இல் வியட்நாமில், நேபாம் நெருப்பில் உடல் எரிந்து ஓடிவரும் சிறுமியின் படமும் அப்படித்தான். பரவலாகத் தெரிந்த வடிவத்தில் வலது ஓரம் வெட்டப்பட்டிருக்கும். முழுப் படத்தில் அந்த ஓரத்தில் இன்னொரு படப்பிடிப்பாளர் குனிந்து தன் கமராவைப் பார்த்துக்கொண்டிருப்பார். அந்த ஓரத்தைச் சேர்த்துப் பார்த்தால் படம் வேறு கேள்விகளையும் கேட்கும். முழு நெகட்டிவ் இருந்தபடியால்தான் அந்த விவாதமே சாத்தியமானது. எங்கட 1:1 ஜேபெக்குக்கு நெகட்டிவ் இல்லை. வெட்டினது எது எண்டு நாளைக்கு ஒருவரும் கேட்கவும் முடியாது, நாங்கள் காட்டவும் முடியாது.

இனி எங்கட ஊருக்கு வருவம்.

ஒரு வீட்டில் செத்தவீடு நடந்தால் முதல் ஒரு மணித்தியாலத்துக்குள் வருகிற கேள்வி "நல்ல படம் ஒண்டு இல்லையோ?" என்பது. மரண அறிவித்தலுக்கு வேணும், சந்தியில் கட்டுகிற பனருக்கு வேணும், முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு வேணும். இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து அல்பங்களைத் தொலைத்த குடும்பங்களில் அந்தப் படம் கிடைக்கிற இடம் பெரும்பாலும் யாரோ ஒருவருடைய கலியாணவீட்டுக் குழுப்படம். அதில் கடைசி வரிசையில், ஓரத்தில், பாதித் தோளோடு நிற்பார். ஸ்ரூடியோக்காரர் அந்த முகத்தை வெட்டி எடுத்து, கோட்டும் டையும் ஒட்டித் தருவார். கோட்டைப் பார்த்துச் சிரிக்கிறோம். அந்த ஆளுக்குத் தனியாக ஒரு படம் இல்லாமல் போனதை யோசிப்பதில்லை.

காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவுகள் 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் தொடங்கிய போராட்டத்தில் அம்மாமார் கைகளில் ஏந்தியிருந்த படங்களையும் நினைத்துப் பாருங்கோ. அடையாள அட்டைக்கு எடுத்த சின்னப் படத்தைப் பெருப்பித்தது, வேறொரு படத்திலிருந்து முகத்தை மட்டும் பிரித்தெடுத்தது எண்டு மங்கிப்போன எத்தனை முகங்கள். ஒரு முகம் எவ்வளவு தெளிவாகப் பதிந்திருக்கிறது என்பது எங்களுக்கு அழகியல் பிரச்சினை மட்டும் இல்லை.

ஒரு சின்னக் கணக்கு. குழுப்படத்தில் ஒரு வரிசைக்கு 15 பேர். படம் 6000 பிக்சல் நீளம் எண்டால் ஆளுக்கு 400 பிக்சல். அதில் முகம் பாதி எண்டு வைத்தால் 200. மலரில் ஒரு சிறிய படமாகப் போட அது காணும். அதே படத்தை வட்சப்பில் சாதாரணமாக அனுப்பினால் நீளப்பக்கம் சுமார் 1600 ஆகச் சுருங்கும். இப்போது முகத்துக்கு 50 பிக்சல்தான். அது ஒரு தோல் நிறப் புள்ளி. 'ஸ்மோல்' எண்டு தெரிவு செய்கிறபோது நாங்கள் தெரிவு செய்வது இதைத்தான். 1:1 எண்டு தெரிவு செய்தால் வரிசையின் இரண்டு முனையிலும் நின்ற இரண்டு மூன்று பேர் படத்திலேயே இல்லை.

ஓரத்தில் யார் நிற்கிறார்கள் எண்டும் பார்க்கவேணும். மேடையில் கூத்து ஆடும்போது ராசா நடுவில் ஆடுவார். மத்தளம் அடிக்கிற அண்ணாவியாரும் பிற்பாட்டுக்காரரும் ஒரு பக்கமாக நிற்பினம். கூத்தைத் தாங்குவது அந்தப் பக்கம். சதுரப் படம் ராசாவின் முடியையும் உடுப்பையும் அழகாகக் காட்டும், அண்ணாவியாரின் பாதி மத்தளத்தோடு முடிந்துவிடும். கூட்டங்களிலும் இதுதான். நடுவில் பொன்னாடை போர்த்துகிறவர், போர்த்தப்படுகிறவர். கதிரை அடுக்கின பொடியன், பின்வரிசையில் பிள்ளையோடு வந்த அக்கா, தேத்தண்ணி கொண்டுவந்த அம்மா எல்லாரும் ஓரத்தில். யாரை வெட்டுவது எண்டு யோசித்து வெட்டினால் அது ஒரு நிலைப்பாடு, அதோடு சண்டை பிடிக்கலாம். கமராவை வெட்டவிட்டால் ஓரத்தில் நிற்பவர்கள் ஒருவரும் தீர்மானிக்காமலே காணாமல் போவார்கள். விளிம்புநிலை பற்றிக் கட்டுரை எழுதுகிற நாங்களே படத்தின் விளிம்பை இவ்வளவு இலேசாக எறிவது எனக்கு விளங்கவில்லை.

சொல்லப்படுகிற நியாயங்களைப் பார்ப்பம்.

"காட்டில இடம் காணாது." 32 ஜிபி காட் ஒன்றில், படம் ஒன்று 8 எம்பி எண்டு வைத்தாலும் முழு அளவு ஜேபெக் ஏறத்தாழ 4000 கொள்ளும். ஒரு நிகழ்வில் நீங்கள் எடுப்பது 500, 600. இடப் பிரச்சினை இல்லை. போன நிகழ்வின் படங்களை இன்னும் இறக்கி வைக்காத பிரச்சினை.

"இன்ஸ்டாவுக்குத்தானே." இன்ஸ்டகிராம் 2015 ஓகஸ்ட் வரைக்கும் சதுரம் மட்டும்தான் ஏற்றது. பிறகு நீளப் படங்களையும் விட்டது. 2025 ஜனவரியில் புரொபைல் பக்கத்தின் சதுரக் கட்டங்களையே நெட்டுக்குத்தாக மாற்றியது. சதுரத்தில் அளந்து அளந்து போட்டவர்களின் தலையும் எழுத்தும் வெட்டுப்பட்டன. ஒரு கொம்பனி நினைத்தபோது மாற்றுகிற கட்டத்துக்கு ஏற்றமாதிரி எங்கட ஊரின் படங்களை நிரந்தரமாக வெட்டிவைக்க என்ன தேவை? முழுசாக இருந்தால் எந்தக் கட்டத்துக்கும் வெட்டலாம்.

"சதுரம் ஒரு அழகியல்." சரி. ரோலிஃப்ளெக்ஸ் காரர்கள் சதுரத்தில் அற்புதமாக எடுத்தார்கள். ஆனால் அந்தக் கமராவில் பிலிமில் பதிவதே சதுரம், அங்கே எதுவும் எறியப்படவில்லை. உங்களுக்குச் சதுரமாகப் பார்த்து எடுக்க விருப்பம் எண்டால் றோவையும் ஜேபெக்கையும் சேர்த்துப் பதியுங்கோ. பல கமராக்களில் திரையும் ஜேபெக்கும் சதுரமாக இருக்க, றோ முழுசாகப் பதியும். சில கமராக்கள் றோவையும் வெட்டும். ஆகவே வீட்டில் ஒருக்கா சோதித்துவிட்டுப் போங்கோ.

"உண்மையான கலைஞன் எடுக்கும்போதே சட்டகத்தைத் தீர்மானிப்பான், பிறகு வெட்டமாட்டான்." இதைச் சொல்கிறவர்கள் உடனே கார்த்தியே ப்ரெசோனை இழுப்பார்கள். அவர் வெட்டுதலை விரும்பாதவர்தான். ஆனால் 1932 இல் பாரிஸின் சென் லசார் புகையிரத நிலையத்துக்குப் பின்னால், தண்ணீர்க் குட்டைக்கு மேலால் மனிதன் பாய்கிற அந்தப் புகழ்பெற்ற படம் வெட்டப்பட்ட படம். வேலி இடைவெளிக்குள்ளால் எடுத்ததில் ஓரம் மறைந்திருந்தது. அவருக்கே தேவைப்பட்டது எங்களுக்குத் தேவைப்படாதா?

இன்னொரு பக்கத்தில், "றோவில எடுக்காட்டி நீ போட்டோகிராபரே இல்லை" என்கிற கூட்டம் இருக்கு. இவர்களோடும் எனக்குச் சண்டை உண்டு. றோ நல்லதுதான். ஜேபெக் ஒரு நிறத்துக்கு 256 படிகள் வைத்திருக்கும், 14 பிட் றோ 16384 வைத்திருக்கும். மேடை விளக்குச் சிவப்பும் நீலமுமாய் மாறும்போதும், இருட்டில் எங்கட கறுத்த தோலின் உண்மையான நிறத்தை எடுக்கவேண்டும்போதும் அந்த வித்தியாசம் பெரியது. ஆனால் றோவைத் திறக்க ஓரளவு நல்ல லப்டொப் வேணும், இடம் வேணும், நேரம் வேணும். அது இல்லாத முதலாம் வருடப் பிள்ளையைப் பார்த்து நக்கலடிப்பதால் ஆவணம் ஒன்றும் கூடாது. றோவில் எடுத்து இரண்டு வருடமாகத் திறக்காமல் ஹார்ட் டிஸ்க்கில் பூட்டி வைத்திருக்கிறவரை விட, முழு அளவு ஃபைன் ஜேபெக்கில் எடுத்து அடுத்த நாளே எல்லோருக்கும் பகிர்கிறவர் எனக்கு மேல்.

ஒரே ஒரு எதிர்வாதம்தான் உண்மையிலேயே கனமானது. போராட்டங்களில் ஓரத்தில் நிற்பவரின் முகம் பதிவதே அவருக்கு ஆபத்தாகலாம். சிவில் உடையில் வந்து படமெடுக்கிற நாட்டில் இருக்கிறோம், இதை இலேசாகத் தள்ளமுடியாது. ஆனால் அதற்குக் குறைந்த தரம் பாதுகாப்பு இல்லை. 'ஸ்மோல்' படத்திலும் முன்வரிசை முகம் தெளிவாகவே தெரியும். பாதுகாப்பு வேறு இடங்களில் இருக்கிறது. எடுக்கமுதல் கேட்பது, வேண்டாம் எண்டவரை எடுக்காமல் விடுவது, வெளியிடும் பிரதியில் யோசித்து வெட்டுவது அல்லது மறைப்பது, மூலப் பிரதி யாரிடம் இருக்கிறது எண்டு தெரிந்து வைத்திருப்பது. அதைச் செய்யவும் மனிதர் யோசிக்கவேணும். 1:1 யோசிக்காது.

ஆக நான் கேட்பது பெரிய விசயம் இல்லை. அடுத்த நிகழ்வுக்குப் போகமுதல் மெனுவைத் திறவுங்கோ. அளவு 'எல்', தரம் ஃபைன், வடிவம் சென்சரின் வடிவம், அதாவது பல கமராவில் 3:2, கைபேசியில் 4:3. முக்கியமான நிகழ்வு, லப்டொப்பும் இருக்கு எண்டால் றோவும் சேர்த்து. டிஜிட்டல் சூமைத் தொடாதேங்கோ, உருப்பெருக்கம் எண்ட பேரில் அதுவும் வெட்டுத்தான். கமராவின் திகதியையும் நேரத்தையும் சரிபாருங்கோ, கோப்புக்குள் பதிகிற அந்தத் திகதிதான் பிறகு சாட்சி. வட்சப்பில் அனுப்புவதெண்டால் 'டொக்கியுமென்ட்' ஆக அனுப்புங்கோ. போஸ்ட்டுக்கு வெட்டுவது பிரதியில், மூலம் இரண்டு இடத்தில் இருக்கட்டும்.

கமராவைத் தருகிற சங்கங்களும் குழுக்களும் இதை ஒரு விதியாகவே எழுதி காட்டோடு சேர்த்துக் கொடுக்கலாம். நிகழ்வு முடிந்ததும் மூலப் படங்கள் முழுவதையும் ஒப்படைக்காமல் கமராவைத் திருப்பி எடுக்கக்கூடாது. "சிலெக்ட் பண்ணி பத்துப் படம் போட்டிருக்கு" என்பது ஒப்படைப்பு ஆகாது.