யார் காலுக்கு அளவெடுத்த மூட்டு?

குருசுக்குப்பத்து மீன்காரத் தாய் ஒருத்தியின் கேள்வியோடு இதைத் தொடங்குகிறோம். முப்பது ஆண்டுக்கு மேல் தலையில் கூடை சுமந்தவள் அவள். விடியுமுன் கரையில் மீன் எடுத்து, மார்க்கெட்டில் குந்தி உட்கார்ந்து மதியம் வரை விற்று, குடும்பத்தைக் காத்தவள். இன்று இரண்டு முழங்காலும் வீங்கிப்போய், சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறாள். செயற்கை மூட்டு வைக்கலாம் என்று டாக்டர்கள் சொன்னார்களாம். வைத்த பிறகு குந்தக் கூடாது, தரையில் சம்மணமிட்டு உட்காரக் கூடாது என்றும் சொன்னார்களாம். அவள் நம்மிடம் கேட்டாள்: "குந்தக் கூடாதுன்னா நான் எப்படிண்ணே மீன் விக்கிறது? வலியைப் போக்குறேன்னு பொழப்பையும் சேத்துப் போக்கிடுவாங்க போலிருக்கே!"

இது அவள் ஒருத்தியின் கேள்வி அல்ல. சேற்றில் குனிந்து நாற்று நடும் பெண்ணின் கேள்வி. குந்திக் களை பறிப்பவளின் கேள்வி. தறியடியில் நின்று நின்று முழங்கால் தேய்ந்த மில் தொழிலாளியின் கேள்வி. இதற்கு யார் பதில் சொல்வது?

நாற்காலிக்காரர்களின் மூட்டு

டாக்டர் பொய் சொல்லவில்லை. இன்று கிடைக்கும் மூட்டுக்கு அவர் சொன்ன புத்திதான் சரி. தேய்ந்த எலும்பு முனைகளைச் செதுக்கிவிட்டு, தொடை எலும்பின் நுனியில் கோபால்ட்-குரோமியம் உலோக மூடி ஒன்றைப் பொருத்துகிறார்கள். கீழ் எலும்பின் தலையில் ஓர் உலோகத் தட்டு. இரண்டுக்கும் நடுவே பாலிஎதிலின் பிளாஸ்டிக் துண்டு. நடப்பதற்கும் படியேறுவதற்கும் இது போதும். ஆழமாகக் குந்தும்போதோ உடலின் பாரம் முழுவதும் அந்தப் பிளாஸ்டிக்கின் பின் ஓரத்தில் சிறிய இடத்தில் விழுகிறது. பிளாஸ்டிக் தேயும், மூட்டு நழுவவும் கூடும்.

அப்படியானால் ஏன் அப்படிச் செய்தார்கள்? இந்த மூட்டின் பிறப்பிடத்தைப் பாருங்கள். 1968இல் இங்கிலாந்தின் ரைட்டிங்டன் ஆஸ்பத்திரியில் ஃபிராங்க் கன்ஸ்டன் ஒரு மூட்டை உருவாக்கினார். 1974இல் நியூயார்க்கில் ஜான் இன்சால் குழுவினரின் மூட்டு வந்தது. மனித குலத்துக்கு அவர்கள் செய்த உபகாரத்தை நாம் குறைத்துப் பேசவில்லை. ஆனால் அவர்கள் கண் முன்னே இருந்த நோயாளிகள் நாற்காலியில் அமர்ந்து உண்பவர்கள், உயரமான பீங்கானில் மலங்கழிப்பவர்கள். அந்தக் கால்களுக்கே அளவெடுத்தார்கள்.

அளவும் அவர்கள் அளவுதான். ஆசிய நாட்டவரின், குறிப்பாகப் பெண்களின், முழங்கால் எலும்பு சிறியது, அகலம் குறைந்தது. அதில் பெரிய மூடியைக் கவிழ்த்தால் ஓரம் துருத்திக்கொண்டு தசையை உராய்கிறது. வலி தீருவதற்குப் பதில் தொடர்கிறது. பெண்களின் முழங்காலுக்கு என்று தனி வடிவத்தை ஓர் அமெரிக்கக் கம்பெனி சந்தைக்குக் கொண்டுவந்ததே 2006இல்தான்!

மடங்குவதற்குத் தனி விலை

பிறகு கம்பெனிகள் 'அதிகம் மடங்கும் மூட்டு' என்று ஒன்றை விற்றன. அதன் கதையைக் கேளுங்கள். 2017 ஆகஸ்டில் மத்திய சர்க்கார் முழங்கால் மூட்டுகளுக்கு உச்சவரம்பு விலை விதித்தது. அப்போது வெளியான கணக்கின்படி சாதாரண கோபால்ட்-குரோமியம் மூட்டின் சராசரி விலை ரூ.1,58,324. அதிகம் மடங்கும் மூட்டின் விலை ரூ.1,81,728. அதாவது மடங்குவதற்கு மட்டும் ரூ.23,404 அதிகம்! உச்சவரம்பு வந்ததும் முதலாவது ரூ.54,720 ஆயிற்று, இரண்டாவது ரூ.56,490 ஆயிற்று. வித்தியாசம் வெறும் ரூ.1,770. நேற்றுவரை வாங்கிய மிச்சப் பணம் யார் மடியில் விழுந்தது?

இத்தனை விலை கொடுத்து வாங்கிய மூட்டாவது குந்த வைத்ததா? அதுவும் இல்லை. பழைய மூட்டைவிட அது பெரிதாக மடங்கிவிடவில்லை என்றே பல ஆய்வுகள் கூறின. ஏழையின் ஏக்கத்துக்குப் பெயர்ச்சீட்டு ஒட்டி விற்றார்கள், அவ்வளவுதான்.

"விலையைக் கட்டினால் ஆராய்ச்சி நின்றுபோகும்" என்று கம்பெனிகளுக்கு வக்காலத்து வாங்குகிறவர்கள் உண்டு. அவர்களுக்குச் சர்க்காரின் விலை ஆணையமே பதில் கொடுத்துவிட்டது. மூட்டு நம் துறைமுகத்தில் இறங்கியதிலிருந்து நோயாளியின் கையில் பில் வரும்வரை ஏறிய வியாபார லாபம் சராசரியாக 313 சதவிகிதம். இது இறக்குமதி செய்தவனும் விநியோகஸ்தனும் ஆஸ்பத்திரியும் பங்கு போட்டுக்கொண்ட பணம். இதில் ஆராய்ச்சி எங்கே இருக்கிறது? புதிய மூட்டை வரைந்தவனுக்கு இதில் காலணா போனதா?

கொள்ளைக்குக் கடிவாளம் போட்டதும் என்ன நடந்தது? அமெரிக்க மருத்துவக் கருவி முதலாளிகள் தங்கள் சர்க்காரிடம் முறையிட்டார்கள். பால் பண்ணை முதலாளிகளும் சேர்ந்துகொண்டார்கள். 2018இல் இந்தியாவின் வர்த்தகச் சலுகை விசாரணைக்கு எடுக்கப்பட்டது. 2019 ஜூன் 5ஆம் தேதி அது ரத்தாயிற்று. குப்பத்துக் கிழவியின் முழங்காலுக்கும் வாஷிங்டனுக்கும் என்ன சம்பந்தம் என்று இனி யாராவது கேட்டால், இந்தத் தேதியைச் சொல்லுங்கள்.

முடியாது என்பது பொய்

குந்தக்கூடிய, நம் எலும்புக்கு ஏற்ற மூட்டை இங்கே செய்ய முடியாது என்பார்கள். ஜெய்ப்பூரைப் பார்க்கட்டும். இங்கிலாந்தில் கன்ஸ்டன் மூட்டைச் செய்த அதே 1968இல் ராம்சந்திர சர்மா என்ற கைவினைஞரும் டாக்டர் பி.கே.சேத்தியும் ரப்பரையும் மரத்தையும் கொண்டு ஜெய்ப்பூர்க் காலை உருவாக்கினார்கள். அதுவரை வந்த மேல்நாட்டுக் கட்டைக்காலுக்குப் பூட்ஸ் வேண்டும், வயல் சேறு ஆகாது, குந்த விடாது. ஜெய்ப்பூர்க் காலோ வெறுங்காலோடு வயலில் இறங்கும், குந்தும், சம்மணமிடும், மரமும் ஏறும். காரணம் என்ன? உழுகிறவனின் வாழ்க்கையைப் பார்த்து அளவெடுத்தார்கள். அதற்கு அவர்கள் பேட்டண்ட் உரிமை வாங்கிப் பூட்டி வைக்கவும் இல்லை.

வெளியே மாட்டும் கால் வேறு, உடலுக்குள் வைக்கும் மூட்டு வேறு என்பது நமக்கும் தெரியும். உள்ளே வைப்பதைப் பல லட்சம் தடவை மடக்கிச் சோதிக்க வேண்டும்; ஆண்டுகள் ஆகும். ஆனால் திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரா நிலையம் செய்தது என்ன? டாக்டர் வலியத்தான் தலைமையில் இதய வால்வு செய்யப் புறப்பட்டார்கள். முதல் மூன்று மாதிரிகளும் தோற்றன. நான்காவது ஜெயித்தது. 1990 டிசம்பரில் அது முதன்முதலாக ஒரு மனிதனின் இதயத்தில் வைக்கப்பட்டது. மூன்று தோல்வியைத் தாங்கிய பணம் பொது ஜனங்களின் பணம். லாபக் கணக்கு பார்க்கும் கம்பெனி, ஏழைக்கான சரக்குக்கு அத்தனை தடவை தோற்கச் சம்மதிக்குமா?

நாம் கேட்பது

ஒன்று: கோரிமேட்டு ஜிப்மரும், சென்னை ஐ.ஐ.டி.யும், ஸ்ரீசித்திராவும் பொது ஜனங்களின் பணத்தில் நடப்பவை. அவை கூடி, உழைப்பவரின் முழங்காலை அளந்து, பொதுத்துறையில் மூட்டு செய்யட்டும். பல அளவுகளில் செய்யட்டும், குந்துவதற்கென்றே வரையட்டும். குப்பத்துக்கும் வயலுக்கும் வந்து பார்த்து வரையட்டும்.

இரண்டு: 2017இன் விலை உத்தரவு ஓராண்டுக்கென்று பிறந்து, பிறகு தவணை தவணையாக நீட்டப்பட்டது. கம்பெனிகள் அடுத்த தவணைக்காக வாயிலில் காத்திருக்கும் நிலை ஒழிய வேண்டும். வரம்பு நிரந்தரச் சட்டமாக வேண்டும். மூட்டில் குறைத்ததை அறை வாடகையிலும் அறுவைக் கட்டணத்திலும் ஏற்றிக்கொள்ளும் வழியையும் அடைக்க வேண்டும்.

மூன்று: தேய்ந்த முழங்காலைத் தொழில் நோய் என்று ஒப்புக்கொள்ள வேண்டும். ஜெர்மனியில் 2009இல் ஒப்புக்கொண்டார்கள். வேலையில் முழங்காலிட்டும் குந்தியும் கழித்த நேரம் மொத்தம் 13,000 மணியானால் அங்கே மூட்டுத் தேய்வு தொழில் நோய். நம் மீன்காரத் தாயின் கணக்கைப் போடுங்கள். நாளுக்கு 5 மணி, ஆண்டுக்கு 300 நாள். 9 ஆண்டில் அவள் அந்த எல்லையைத் தாண்டிவிட்டாள். பிறகும் இருபது ஆண்டுக்கு மேல் குந்தினாள். அவளுக்கு நஷ்டஈடு எங்கே?

தோழர்களே! அளவு என்பது வானத்திலிருந்து விழுவதல்ல. இதே புதுவையில் வேலைக்கு அளவை மில் முதலாளிதான் வைத்திருந்தான். 1936 ஜூலை 30ஆம் தேதி சவானா மில் தொழிலாளிகள் 12 பேர் துப்பாக்கிக் குண்டுக்குப் பலியானார்கள். 1937இல் எட்டு மணி நேர வேலை சட்டமாயிற்று. அளவை மாற்றியது தொழிலாளியின் கை.

அந்த மில்லில் நின்று தேய்ந்த முழங்கால்களின் பேரால், கரையில் குந்தித் தேய்ந்த முழங்கால்களின் பேரால் கேட்கிறோம்: மூட்டுக்கேற்ப எங்கள் வாழ்க்கையை வெட்டாதீர்கள். எங்கள் வாழ்க்கைக்கேற்ப மூட்டைச் செய்யுங்கள்!