கண்ணுக்கு ஊசி, காதுக்கு யார் பொறுப்பு?

அமெரிக்கா, பிரிட்டன், ஜப்பான், ஆஸ்திரேலியா, கனடா, ஐரோப்பிய ஒன்றியம் ஆகியவற்றில் அனுமதி பெற்ற மருந்து, இப்போதைய சிகிச்சையைவிடக் கணிசமான முன்னேற்றம் என்றால் இங்கே தனிச் சோதனை வேண்டாம் என்கிறது 2024 ஆகஸ்ட் 7 தேதியிட்ட மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு உத்தரவு. தைராய்டு கண் நோயில் இந்த வழிக்குப் பொருந்தக்கூடியது எது என்று நமக்குத் தெரியும்: டெப்ரோடுமுமாப். வரவேற்கிறோமா? ஒரு நிபந்தனையோடு, ஆம்.

புரொப்டோசிஸ் குறைவதில் சந்தேகமில்லை. இந்த மருந்தைச் சோதித்த ஆப்டிக் ஆய்வின் 24-ஆம் வாரத்தில் மருந்து பெற்றவர்களில் 83 சதவீதம் பேருக்குக் குறைந்தது, பிளசிபோ குழுவில் 10 சதவீதம். ஸ்டீராய்டு இப்படிக் கண்ணை உள்வாங்க வைத்ததில்லை. ஆனாலும் ஆக்டிவ் நோயில் 4.5 கிராம் மெத்தில் பிரெட்னிசோலோனும் மைக்கோபீனோலேட்டும்தான் நம் கைக்கு எட்டும் முதல் வழி. புது மருந்தின் விலையைப் பற்றி எழுதத் தெம்பில்லை.

என் கவலை காது. 2023-இல் அமெரிக்க லேபிளில் செவித்திறன் எச்சரிக்கை ஏறியது: ஊசிக்கு முன்பும் நடுவிலும் பின்பும் சோதிக்க வேண்டும், இழப்பு நிரந்தரமாகவும் ஆகலாம். ஆப்டிக் ஆய்வு நடந்தது அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும். எண்ணூர்ப் பக்கத்து டர்பைன் கூடத்தில் இருபது வருடம் நின்றவர், திருவொற்றியூர்ப் பட்டறையில் கிரைண்டர் பிடித்தவர், காசிமேட்டில் விசைப்படகு இன்ஜினுக்குப் பக்கத்திலேயே தூங்கி எழுந்தவர் அதில் இருந்திருப்பாரா? ஜப்பான்கூடத் தன் மக்களில் 54 பேரிடம் தனியாகச் சோதித்துவிட்டுத்தான் 2024-இல் அனுமதித்தது. நமக்கு மட்டும் அவசரம்.

இரைச்சலால் காது போவது பழைய தொழிற்சாலைகள் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையிலேயே வெகுகாலமாக இருந்த, அறிவித்தே ஆகவேண்டிய நோய். என்னிடம் வந்த ஒருவரின் ஆண்டுப் பரிசோதனைத் தாளில் ‘செவித்திறன் இயல்பு’ என்றிருந்தது. ஆடியோகிராம் எடுத்தார்களா என்று கேட்டேன். “பேரச் சொல்லிக் கூப்பிட்டாங்க சார், திரும்பிப் பாத்தேன்” என்றார். நான் எடுத்துப் பார்த்து, உரிய அலுவலகத்துக்கு எழுதினேன். ஒரே ஒரு பதில் வந்தது: இவர் நிரந்தரத் தொழிலாளியா, கான்ட்ராக்டா? அதற்குப் பிறகு மௌனம். இந்த லட்சணத்தில் நாளை எட்டு ஊசிக்குப் பின் ஒருவருக்குக் காது கேட்காமல் போனால், பழி மருந்துக்கா இயந்திரத்துக்கா? இரு தரப்பும் கையை விரிக்க வசதியான ஏற்பாடு.

முதல் ஊசிக்கு முன் ப்யூர் டோன் ஆடியோகிராம் கட்டாயம் என்று அனுமதியிலேயே எழுதப்பட வேண்டும். இதுதான் அந்த நிபந்தனை. அரசு எழுதும்வரை நாம் காத்திருக்க வேண்டாம். தைராய்டு கண் நோயாளியிடம் பீடியைக் கேட்கிறோம், சர்க்கரையைக் கேட்கிறோம். என்ன வேலை, எந்த இயந்திரத்தின் அருகில், எத்தனை வருடம் என்பதையும் இன்றிலிருந்தே கேஸ் ஷீட்டில் எழுதுங்கள்.