ஒரு சொட்டு ரத்தம் சாமி!

மக்களே, கோரிமேட்டுல ஜிப்மர் எதிர்ல டீக்கடை. "புள்ள மந்தமா இருக்கு, வளர்ந்தா சரியாயிடும்"ங்கிறார் ஒரு பெருசு. கடுப்பாயிடுச்சு!

தைராய்டு சரியா சுரக்கலைன்னா பிட்யூட்டரி டிஎஸ்எச்சை அனுப்பிக்கிட்டே இருக்கும். நம்ம பொட்டி தட்டுற பாஷையில, பதில் வராத சர்வருக்குத் திரும்பத் திரும்ப ரிக்வெஸ்ட். பிறந்து 48 மணி நேரம் கழிச்சு, குதிகால்ல ஒரு சொட்டு ரத்தம் எடுத்தா இது தெரிஞ்சிடும். இந்தியாவில் சுமார் ஆயிரம் குழந்தைகளில் ஒன்றுக்கு இந்தக் குறை. இரண்டு வாரத்துக்குள் தைராக்ஸின் மாத்திரை கொடுத்தா மூளை தப்பிக்கும். மாசக்கணக்கா விட்டா போனது போனதுதான்.

கோவா 2008லேயே இந்தப் பரிசோதனையை ஆரம்பிச்சது. நாடு முழுக்கக் கட்டாயமாக்க என்ன கேடு? காசில்லைன்னு கதை விடாதீங்க. ஆயுசு முழுக்கத் தவிக்கிறதைவிட மாத்திரை மலிவு.

வீட்டுல பிரசவமா? பேர் வைக்கறதுக்கு முன்னாடி டிஎஸ்எச் பாருங்கப்பா.