பேட்டரி இல்லாத சேத்தக்கும் நான் நடத்தத் தவறிய பாடமும்

கொஞ்சம் நீளமான பதிவு. வீட்டில் பழைய ஸ்கூட்டர் வைத்திருப்பவர்கள் பொறுமையாகக் கடைசி வரை படியுங்கள்.

என் பஜாஜ் சேத்தக்கை உங்களில் பலருக்கு ஞாபகம் இருக்கும். மயிலாப்பூர் குளத்தங்கரையில் நான் அதைச் சாய்த்துச் சாய்த்து ஸ்டார்ட் செய்வதைப் பார்த்துச் சிரித்தவர்கள்தானே நீங்கள்! இப்போது அதைப் பேரன் ஓட்டுகிறான்.

போன மாதம் ஒரு மெக்கானிக்கிடம் கொடுத்து போன் சார்ஜர் வைத்துக்கொண்டான். மேப் பார்க்க வேண்டுமாம். இரண்டு நாள் கழித்து, மழை இரவில் அடையாறிலிருந்து திரு.வி.க. பாலம் தாண்டி வந்தவன், பள்ளம் தெரியாமல் விழுந்து முழங்கையைச் சிராய்த்துக்கொண்டு வந்து நின்றான். "லைட்டே சரியா எரியலை தாத்தா" என்றான். "பேசாம ஒரு பேட்டரி வெச்சுடலாம்" என்றார் மாப்பிள்ளை. நான் வேண்டாம் என்றேன்.

காரணம் சொல்கிறேன். இந்த வண்டியில் பேட்டரி கிடையாது. இன்ஜினோடு சேர்ந்து காந்தம் சுற்றுகிறது; உள்ளே இருக்கும் காயிலில் மின்சாரம் பிறக்கிறது. 1831-ல் ஃபாரடே கண்டுபிடித்த அதே மின்காந்தத் தூண்டல்தான். சிக்னலில் நிற்கும்போது விளக்கு மங்குவதும், ஆக்ஸிலரேட்டரை லேசாக முறுக்கினால் பளிச்சென்று எரிவதும் அதனால்தான். சுற்றும் வேகம்தான் வரவு.

அந்த வரவு சின்னது. என் வண்டியில் ஹெட்லைட் 35 வாட், பின்விளக்கு 5 வாட். இரவில் இந்த 40 வாட்டுக்கே சரியாகப் போய்விடும். 5 வோல்ட், 2 ஆம்பியர் சார்ஜர் என்றால் இன்னொரு 10 வாட். எங்கிருந்து வரும்? ஹெட்லைட் வெளிச்சத்திலிருந்துதான். பேட்டரி வைத்தாலும் அதற்கும் இதே காயில்தான் சோறு போட வேண்டும். பேட்டரி ஓர் உண்டியல். போட்டதைத்தான் எடுக்க முடியும். இன்ஜின் நின்றிருக்கும்போதும் விளக்கு எரிய வேண்டும் என்பவர்கள் தாராளமாக வைத்துக்கொள்ளட்டும். எங்களுக்கு அந்தத் தேவை இல்லை.

பேனலைக் கழற்றிப் பார்த்ததில் இன்னொரு தவறும் தெரிந்தது. காயில் தருவது ஏசி. போனுக்கு வேண்டியது டிசி. நடுவில் நான்கு டயோடு கொண்ட பிரிட்ஜ் வைத்திருந்தார்கள், அது சரி. ஆனால் அதன் மைனஸ் ஒயரை வண்டி பாடியில் கட்டிவிட்டார்கள். காயிலின் ஒரு முனை ஏற்கெனவே பாடியில்தான் இருக்கிறது. ஆகவே ஒவ்வொரு அலையிலும் பாதி, ஒரு டயோடு வழியாக ஷார்ட் ஆகி வீணாகப் போனது. பேரன் அரை வெளிச்சத்தில்தான் வந்திருக்கிறான். காரில் மைனஸைப் பாடியில் கட்டிய பழக்கம் இங்கே ஒருவனைக் கீழே தள்ளிவிட்டது.

ரிச்சி ஸ்ட்ரீட்டில் சில நூறு ரூபாயில் எல்லாம் கிடைத்தன. பிரிட்ஜ், ஒரு கெபாசிட்டர், வோல்டேஜை 5-க்கு இறக்கும் சின்ன போர்டு. மைனஸைப் பாடியில் படாமல் தனி ஒயராகப் போட்டோம். கூடவே ஒரு சுவிட்ச். பகலில் ஹெட்லைட் எரிவதில்லை, மிச்சமாகும் மின்சாரத்தை ரெகுலேட்டர் வீணாகத்தான் தள்ளுகிறது. ஆகவே பகலில் போன், இரவில் விளக்கு. இதுதான் எங்கள் வீட்டுச் சட்டம்.

ரெகுலேட்டர் இல்லாத பழைய 6 வோல்ட் வண்டி வைத்திருப்பவர்கள் இன்னும் கவனமாக இருங்கள். அதில் பல்புகளே வோல்டேஜைப் பிடித்து வைக்கின்றன. ஹெட்லைட் பல்பு போனால் கூடவே பின்பல்பும் போகும். ஆகவே முதலில் பல்பைப் பாருங்கள், பிறகு சார்ஜரைப் பற்றி யோசிக்கலாம்.

என் மனதை உறுத்துவது வேறு. பேரன் இன்ஜினீயரிங் படிக்கிறான். ஃபாரடே விதியைக் கேட்டால் தூக்கத்திலும் சொல்வான். ஆனால் அது தன் காலடியில் சுற்றுகிறது என்று அவனுக்குத் தெரியவில்லை. அவனைக் குறை சொல்ல எனக்கு என்ன யோக்கியதை? உங்களுக்கும் நான் அப்படித்தானே நடத்தினேன்! போர்டில் காந்தம் வரைந்தேன், காயில் வரைந்தேன், அம்புக்குறி போட்டேன். வாசலில் நின்ற என் ஸ்கூட்டரிடம் ஒருநாள்கூட உங்களை அழைத்துப் போகவில்லை. போர்ஷன் முடிய வேண்டும் என்ற அவசரம்.

உங்களில் சிலர் இன்று ஆசிரியர்கள். ஒரு வேண்டுகோள். புதுப்பேட்டையில் பழைய மேக்னட்டும் காயில் பிளேட்டும் கிடைக்கும். வாங்கி வகுப்புக்குக் கொண்டுபோங்கள். பிள்ளைகள் கையால் சுற்றி ஒரு சின்ன பல்பு எரியட்டும். வேகம் குறைந்தால் வெளிச்சம் குறைவதை அவர்கள் கண்ணால் பார்க்கட்டும். நான் விட்டுவிட்ட பாடத்தை நீங்கள் நடத்துங்கள்.

பேரனின் முழங்கை ஆறிவிட்டது.